ஆடுகளோடு பேசும் பேச்சு

எங்கள் வீட்டில் மனிதர்களோடு இத்தாலிய மொழி, ஆடுகளோடு பிரிகாஸ்க். "நீவெஸ், சாப்பிட வா" என்று அப்பா என்னைக் கூப்பிடுவதுகூடப் பள்ளிக்கூட இத்தாலிய மொழியில்தான். நான் படித்து முன்னேற வேண்டுமாம். ஆடுகளுக்கு அந்தக் கவலை இல்லை. அவற்றை எங்கள் மலைப்பேச்சான பிரிகாஸ்கில் கொஞ்சுவார்.

ஆட்டைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன் என்று வெளியே சொல்ல முடியுமா? சொல்லவில்லை.

போன ஜூலையில் ஒருநாள், மந்தைக்கு முன்னால் போகும், மணி கட்டிய எங்கள் ஆடு மோரா பனிமூட்டத்தில் கணவாய்ப் பக்கம் போய்விட்டது. மற்ற நாற்பதும் அதன் பின்னாலேயே. அப்பாவுக்குக் கால் சுளுக்கு. இருட்டினால் ஓநாய் வரும். உப்பைக் காட்டினால் ஆடுகள் வரும் என்று உப்புப் பையை எடுத்துக்கொண்டு நான் ஏறினேன்.

கணவாயில் எங்கள் ஆடுகள் இன்னொரு மந்தையோடு கலந்து நின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே வளைந்த மூக்கு. நடுவில் கோலோடு ஒரு பையன், எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பிரெஞ்சுக்காரன். நான் மோராவை இழுத்ததும் திருடி என்றே நினைத்துவிட்டான். அவன் பிரெஞ்சில் கத்தினான். நான் இத்தாலிய மொழியில் கத்தினேன். சத்தமாகச் சொன்னால் புரிந்துவிடும் என்று இருவருக்கும் நம்பிக்கை.

அழுகை வந்தது. அதை மறைக்க மோராவைத் திட்டினேன், பிரிகாஸ்கில்: "நில்லுடி, பெருந்தீனி."

மோரா நிற்கவில்லை. பையன் நின்றுவிட்டான். கோலைத் தாழ்த்தி, அதே பேச்சில் மெதுவாகக் கேட்டான்.

"யாரோட குட்டி நீ?"

வழி தவறிய ஆட்டுக்குட்டியிடம் கேட்கும் கேள்வி அது.

"செவெரினோவோட குட்டி. நீ?"

"ஒதீலோட குட்டி." செவெரினோ என் அப்பா, ஒதீல் அவன் அம்மா.

எங்கள் இருவருக்கும் தெரிந்ததெல்லாம் வா, போ, உப்பு, ஓநாய் போன்ற ஆட்டுச் சொற்கள்தான். அதுவே போதுமாக இருந்தது.

உப்பு என்னிடம் மட்டும்தான். நான் மட்டும் வைத்தால் அவன் ஆடுகளும் என்னோடு வந்துவிடும். அவன் அம்மாவிடம் என்ன சொல்வான்? பாதியை அவன் கையில் கொட்டினேன். ஆளுக்கொரு பாறையில் உப்பைத் தூவி, எதிரெதிரே நின்று கூப்பிட்டோம். ஆடுகள் காதைத் தூக்கிக் கேட்டு, பழகிய குரல் பக்கம் பிரிந்து வந்தன. மோரா மட்டும் இரண்டு பாறையிலும் நக்கிவிட்டுத்தான் வந்தது.

கிளம்பும்போது பையன் கோலால் என் முதுகைச் செல்லமாகத் தட்டினான். "மெதுவா போ."

நடந்ததைக் கேட்ட அப்பா, தான் சொல்லித்தரவே இல்லையே, அந்தப் பேச்சு எப்படி வந்தது என்றார்.

"நீங்க ஆடுங்கள கொஞ்சறப்ப நானும் பக்கத்துலதானப்பா இருந்தேன்."

அப்பா வெகுநேரம் தன் வளைந்த மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தார். பிறகு அடுப்படியிலிருந்து, பிரிகாஸ்கில் குரல் வந்தது.

"சாப்பிட வாடி, பெருந்தீனி."

இரண்டு தட்டு சாப்பிட்டேன். பெயரைக் காப்பாற்ற வேண்டாமா?