கீரியின் முடி

குண்டூசிக்குப் புது பிரஷ் வந்த நாளிலிருந்து வகுப்பில் யாருக்கும் தங்கள் பிரஷ் பிடிக்கவில்லை.

எதையும் உற்று உற்றுப் பார்ப்பதால் குண்டூசி என்று மாமா அவளுக்கு வைத்த பெயர். மாமா அம்மாவின் தம்பி. கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுபவர். பிரஷைக் கொடுத்ததும் அவர்தான். கோடு அப்படி வழுக்கிக்கொண்டு வந்தது. குண்டூசி சும்மா இருப்பாளா? வகுப்பு முழுக்கப் பெருமை அளந்துவிட்டாள். விளைவு, இருபத்திரண்டு பேர் தெருமுனைக் கடையில் அதே பிரஷ் வேண்டுமென்று நின்றார்கள். திங்கள்கிழமை சாயங்காலம் ஒரு பெட்டி வரவழைப்பதாகக் கடைக்காரர் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை ஒரு வீட்டுப்பாடம் இருந்தது. வீட்டருகே பார்த்த ஓர் உயிரினத்தை வரைய வேண்டும். மாமாவின் பட்டறைக்குப் பின்னால் ஒரு கீரி குட்டியோடு வரும். குண்டூசி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கீரி வந்தது. பின்னங்கால்களில் நின்று அவளைப் பார்த்தது. அதன் முடி ஒரே நிறமில்லை. ஒவ்வொரு முடியிலும் வெளுப்பும் பழுப்பும் பட்டை பட்டையாக மாறி மாறி இருந்தன.

அந்த நிறத்தைக் கலக்கப் பிரஷை எடுத்தாள். அதிலும் அதே வெளுப்பு, அதே பழுப்பு. அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

"மாமா, இது கீரியோட முடியா?"

மாமா தலையைச் சொறிந்தார். "ஆமா. நாங்கல்லாம் இதுலதான் எழுதிப் பழகினோம்."

"முடியை மட்டும் வெட்டிட்டு விட்டுருவாங்களா?"

மாமாவுக்குப் பொய் சொல்ல வராது. "விடமாட்டாங்கம்மா. கொன்னுதான் எடுப்பாங்க. நான் அதை யோசிச்சதே இல்ல."

குண்டூசிக்கு அழுகை வந்துவிட்டது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் அவளுடையது, கெடப்போவது கீரி. கடைக்காரரிடம் தான் பேசுவதாக மாமா சொன்னார். அவள் கண்ணைத் துடைத்தாள்.

"அவர் விக்கலன்னா வேற கடைக்குப் போவாங்க மாமா. ஆசையைக் கிளப்பினது நான். நானே இறக்குறேன்."

பழைய நைலான் பிரஷைத் தேடி எடுத்தாள். அது நிறத்தைக் கொட்டியது, கோட்டைத் தடிமனாக்கியது. மூன்று தாள்கள் வீணாயின. நான்காவதில், துணியில் ஒத்திவிட்டு நுனியால் மட்டும் தொட வேண்டும் என்று தானே கண்டுபிடித்தாள். ஞாயிறு மாலைக்குள் தாய்க்கீரியும் அதன் வயிற்றை ஒட்டி நின்ற குட்டியும் தாளுக்கு வந்துவிட்டன.

திங்கள்கிழமை வகுப்பில் மேசைமேல் படத்தை வைத்தாள். பக்கத்திலேயே தன் புது பிரஷையும் வைத்து, இரண்டையும் கிட்ட வந்து பார்க்கச் சொன்னாள். முதல் பெஞ்சுக்காரி பிரஷைத் தொடப்போய், விரலை இழுத்துக்கொண்டாள்.

"இது அதோட முடியா?"

"ஆமா. கொன்னு எடுக்குறாங்க. தெரியாம பெருமையடிச்சிட்டேன். இந்தப் படத்தை நைலான்லதான் வரைஞ்சேன்."

எல்லோரும் படத்தைச் சுற்றி நெருங்கினார்கள். பிறகு ஒருவன் அந்தக் குட்டி இப்போது எங்கே என்று கேட்டான். பத்திரமாக இருக்கிறது என்றாள். அவனுக்கும் அவளுக்கும் சேர்ந்தே மூச்சு வந்தது.

அன்று மாலை கடைக்காரர் மாமாவின் பட்டறைக்கு வந்து பொத்தென்று உட்கார்ந்தார்.

"உங்க மருமக என்ன செஞ்சா? இருபத்திரண்டு பேரும் வந்தாங்க. அந்தப் பிரஷ் வேண்டாமாம். கடையில இருக்குற ஒவ்வொண்ணையும் தூக்கி, இது யாரோட முடின்னு கேக்குறாங்க. ஒருத்தன் என் தலையில இருக்குற டோப்பாவைக் காட்டியே கேட்டுட்டான்."

மாமா சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார். பெட்டி வேண்டாமென்று கடைக்காரர் சொல்லிவிட்டாராம். கையோடு கடைக்கு ஒரு பலகையும் எழுதித் தரச் சொன்னார்: 'இங்கே எந்த விலங்கின் முடியும் விற்பதில்லை.'

குண்டூசி பட்டறைக்கு வந்தபோது மாமா பலகையை நிமிர்த்தி வைத்திருந்தார். தன் பிரஷ்களைப் பார்த்தார். எதையும் எடுக்கவில்லை.

"குண்டூசி, உன் நைலான் பிரஷைக் கொஞ்சம் குடு. எப்படிப் பிடிக்கணும்னும் சொல்லு."

அவள் சொன்னாள். முதல் எழுத்து கொஞ்சம் கோணலாக வந்தது. இரண்டாவது நேராக வந்தது.