இடது குதிகால் எழும்போது...

பைனாகுலருக்குள் அதுவரை தெரிந்தது ஒரு குதிகால்தான். சேறு அப்பிய, வாணலி அகலத்துக்கு ஒரு இடது குதிகால். ட்ரூடி ஹோல்கம் மூச்சைக்கூட விடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று குதிகாலைக் காணோம். கண்ணாடி முழுக்க மங்கலாக ஏதோ சாம்பல் நிறம்... பைனாகுலரை இறக்கினாள்.

வேலியில் கட்டியிருந்த பச்சைத் துணியின் கிழிசலுக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில், ஒரு கண்.

மழைக்கு முன்னால் ஆற்றின் மேல் வந்து கவியுமே ஒரு வெளிச்சம்... அந்த நிறம். இமையில் ஒரு துளி மழை தொங்கிக்கொண்டிருந்தது. விழவும் இல்லை, போகவும் இல்லை. ட்ரூடியும் அப்படித்தான் நின்றாள்.

"மேடம்," என்றது கண்ணுக்குச் சொந்தமான குரல், வாயில் கயிற்றைக் கவ்விக்கொண்டே. "இது மூடின பயிற்சி. வெளியாள் பாக்கக் கூடாது."

"நான் வெளியிலதானே நிக்கறேன் கோச். இது கவுண்டி ரோடு. என் வரிப்பணத்துல போட்டது."

"நீங்க ரோட்டைப் பாக்கலையே. ஓட்டையைப் பாக்கறீங்க."

"ஓட்டை உங்களோடது. அடைக்கறது உங்க பொறுப்பு."

"அதுக்குத்தான் கயிறோட வந்தேன்..." கயிறு வாயிலிருந்து விழுந்தது. அவன் சிரித்துவிட்டான்.

எங்கள் கெட்ச்சம் ஃபெரி ஊரில் எம்மெட் ஸ்லோனைத் தெரியாதவர்கள் கிடையாது. கென்டக்கியிலிருந்து போன பிப்ரவரியில் வந்திறங்கினான். பந்தைக் கையால் எறிந்து ஆடும் அமெரிக்க ஃபுட்பாலில், எங்கள் கல்லூரி அணியான நாரைகளின் தடுப்பு முன்வரிசைக்குப் புதிய கோச். கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம், கல்யாணம் ஆகாதவன். பெண்ணைப் பெற்ற வீடுகள் எல்லாம் ஒன்று மாற்றி ஒன்று அவன் வாசலில் கோழி கேசரோல் கறியும் பீச் பழ கேக்கும் பாத்திரத்தோடு கொண்டுபோய் வைத்ததில், அவன் வீட்டில் இப்போது பாத்திரத்துக்கு நடுவில்தான் அவன் குடியிருக்கிறான் என்று பேச்சு. ஹோல்கம் வீட்டிலிருந்து மட்டும் ஒரு கரண்டிகூடப் போகவில்லை. போகாது. ஏன் என்று ஊருக்கே தெரியும். அவனுக்குத்தான் அந்த நிமிஷம் வரை, எதிரில் நிற்பவள் யார் என்று தெரியாது.

"அந்த ஓரத்துப் பையன்," ட்ரூடி வேலிக்குள் கை காட்டினாள். "தொண்ணூத்தி நாலாம் நம்பர். ட்ரேவான். எதிரணியில பந்தை எறியறவன் மேல பாயப் போறப்பல்லாம் பந்து அசையறதுக்கு முன்னாடியே இடது குதிகாலைத் தூக்கறான். ஓட்டத்தை மறிக்க நிக்கறப்ப தூக்கறதில்ல. சனிக்கிழமை ஆட வர்ற வில்டன்காரங்க ரெண்டு தடவை பாத்தாலே இதை வெச்சு நம்ம திட்டத்தைப் பிடிச்சிடுவாங்க."

சாம்பல் கண்கள் சுருங்கின. அவன் திரும்பிக் களத்தைப் பார்த்தான். மழையில் முன்வரிசை ஆட்கள் நால்வரும் குனிந்து, ஒரு கையை மண்ணில் ஊன்றி நின்றார்கள். விசில். ட்ரேவானின் குதிகால் மெல்ல எழுந்தது... பாய்ந்தான்.

"கடவுளே..." என்றான் எம்மெட். வெட்கமே இல்லாமல் வியந்தான், பரிசைப் பிரித்த குழந்தைபோல. "இத்தனை மாசமா நான் கையையே பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். யாருங்க நீங்க?"

'இந்த மாதிரி ஒருத்தர் கண்ணை விரிச்சா நான் எப்படிக் கோபமா இருக்கறது...' என்று ட்ரூடிக்குள் ஏதோ இளகியது. அது முழுசாக இளகுவதற்குள் அவன் கெடுத்தான்.

"ரேடியோவுல வியாழக்கிழமை முன்வரிசையை அலசற பொண்ணு நீங்கதானே! குரலே சொல்லுது. மேடம், தயவுசெஞ்சு இதை மட்டும் அங்க சொல்லிடாதீங்க. வில்டன்ல கேட்டுடுவாங்க."

ட்ரூடியின் முகவாய் மேலே போனது. அது ஹோல்கம் குடும்பத்து முகவாய், மேலே போனால் லேசில் இறங்காது.

"எங்க டீமை நானே காட்டிக் குடுப்பேன்னு நினைச்சீங்களா? நான் க்ளீட்டஸ் ஹோல்கம் பொண்ணு."

அவன் முகம் வெளுத்தது. க்ளீட்டஸ் ஹோல்கம்... அவன் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் அவனுக்கு முன்னால் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தவர். போன சீசன் முடிந்ததும், 'புது ரத்தம் வேணும்' என்று கல்லூரி கைகுலுக்கி அனுப்பிவைத்தவர்.

"அப்ப... உங்களுக்கு என் மேல கோபம் இருக்கணுமே."

"இருக்கு," என்றாள் ட்ரூடி. பிக்கப் வண்டியில் ஏறி, கதவை அறைந்து சாத்தினாள். வீடு போய்ச் சேரும்வரை அந்த ஒரு துளி மழை மட்டும் இமையிலிருந்து விழாமல் கூடவே வந்தது.

ட்ரூடி உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். தீவனக் கடைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வானொலி நிலையத்தில் வியாழன் மாலை பேசுவது அவள் ஆசைக்கு. போன மாதங்களில் புதுக் கோச்சின் வரிசையை அவள் தேய்த்துத் துவைத்ததில் ஊருக்கு ஏக சந்தோஷம். அந்த வியாழன் மட்டும் என்ன ஆனதோ.

"போன வாரம் வரைக்கும் குறை சொன்னேன்," என்று ஆரம்பித்தாள். "இன்னிக்குப் பழைய ஆட்டங்களை எல்லாம் திருப்பிப் போட்டுப் பாத்தேன். நடுவுல நிக்கிற ரெண்டு பேரையும் பாருங்க. ஆளுக்கு ரெண்டு பேரைத் தாங்கிக்கிட்டு நிக்கறாங்க. அவங்க பேரு ஸ்கோர்போர்டுல வராது. ஆனா அவங்க அப்படி நிக்கறதாலதான் ஓரத்துல இருக்கறவங்களுக்கு வழி கிடைக்குது. போன வருஷம் இதே பசங்க கையை இடுப்புக்குக் கீழ வெச்சிருந்தாங்க. இப்ப எதிராளி நெஞ்சுல முதல்ல போய் விழறது நம்ம கைதான். ஓரத்துல ட்ரேவான் வளைஞ்சு போறதைப் பாத்தா... அவ்வளவு பெரிய உடம்பு, தோள் தரையைத் தொடற மாதிரி சாயுது, ஆனா விழறதில்ல. யாரோ இந்தப் பசங்க கூடப் பொறுமையா உக்காந்து வேலை பாத்திருக்காங்க. முன்வரிசைக்கு இந்த வாரம் 'ஏ' கிரேடு."

வீட்டுக்கு வந்தபோது சமையலறையில் வானொலி அணைந்திருந்தது. அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு சோளரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

"கேட்டீங்களாப்பா?"

"பாதியில பேட்டரி தீர்ந்துபோச்சு."

அந்த வானொலியின் ஒயர் சுவரில் சொருகியிருந்தது.

சனிக்கிழமை மழை விடவில்லை. ஊரே பிளாஸ்டிக் போர்வையில் மைதானத்தில் இருந்தது. வர்ணனையாளர் பியூஃபர்ட் பக்கத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் ட்ரூடி.

ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே அவள் பைனாகுலரை எடுத்தாள். ட்ரேவானின் இரண்டு குதிகாலும் தரையில் ஒட்டவைத்தாற்போல் பதிந்திருந்தன. தான் சொன்னதை எம்மெட் அப்படியே கேட்டிருக்கிறான்! ஆனால் பந்து அசையும்போது ட்ரேவான் அசையவில்லை. சேற்றில் சிக்கிய வண்டிபோல் ஒரு உறுமல், அப்புறம்தான் நகர்வு. அதற்குள் பந்தை எறிபவனான வில்டன் குவார்ட்டர்பேக் சாவகாசமாகத் தலை நிமிர்த்தி, ஆள் பார்த்து, பந்தை எறிந்து முடித்துவிடுவான். மறுபடி. மறுபடியும். வில்டன் கணக்கில் ஒரு டச்டவுன் ஏறியது, இன்னொன்றும்.

"உன் 'ஏ' எங்கம்மா போச்சு?" என்றார் பியூஃபர்ட், மைக்கை மூடிக்கொண்டு. "செவ்வாய்க்கிழமை நீ வேலி ஓரம் அவன்கிட்டப் பேசினியாமே. வேணும்னே தப்பா சொல்லி, அப்பாவுக்காக நீ கணக்குத் தீர்த்துட்டதா கீழ எல்லாரும் பேசிக்கறாங்க. இன்னிக்குத் தோத்தா அந்தக் கோச்சுக்கு வேலை போயிடும், தெரியுமில்ல?"

கணக்குத் தீர்த்துட்டாளாமே... அவனும் அப்படித்தானே நினைப்பான்? அந்தச் சாம்பல் கண்கள் வியப்பில் விரிந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அதே கண்கள் இனி தன்னை வஞ்சகி என்று பார்க்கும்.

இடைவேளை மணி அடிக்கவும் கூண்டுத் தொலைபேசி அலறியது.

"எந்த மடையன்டி அந்தப் பையன் குதிகாலைத் தரையில வெக்கச் சொன்னது?"

"அப்பா? நீங்க... பாக்கறீங்களா?"

"டிவி சத்தத்தைக் குறைச்சிட்டு உன் குரலை வெச்சுக்கிட்டுத்தான் எல்லா ஆட்டத்தையும் பாக்கறேன். அதுவா இப்ப முக்கியம்? போன வருஷம் கோடைல அவன் இடது கணுக்கால் முறிஞ்சது. பாதத்தைப் பதிச்சா அவனால உந்த முடியாது. தூக்கினாத்தான் பாய்ச்சல். தெரிஞ்சுதான் நான் விட்டு வெச்சேன். எந்த மடையன்?"

"நான்தான்ப்பா."

அந்தப் பக்கம் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"அந்த ஆளுக்கு இதை நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமே," என்றாள் ட்ரூடி, குரல் உடைந்து.

"வந்தான்... வசந்தகாலத்துல. பசங்களைப் பத்திக் கேக்கணும்னு கதவைத் தட்டினான்." அப்பா கனைத்தார். "நான் திறக்கல."

அவள் தொலைபேசியை வைக்கவில்லை, போட்டுவிட்டு ஓடினாள். படிகளில், மழையில், பாப்கார்ன் வரிசைக்கு நடுவில்... ஓடும்போதுதான் ஒரு யோசனை வந்தது. வீரர்கள் அறைக்குப் போகும் சுரங்கப் பாதை வாசலில் எம்மெட் நனைந்து நின்றான். பக்கத்தில் நின்ற உதவியாளர் ஒருவர், காதில் விழட்டும் என்றே சொன்னார்: "பழி வாங்கிட்டு, இப்ப மன்னிப்பு கேக்க வந்துட்டாங்க."

"கோச்! ட்ரேவான் விஷயத்துல நான் சொன்னது தப்பு. அது பழைய முறிவு. குதிகாலைத் தூக்கினாத்தான் அவனால பாய முடியும். எனக்குத் தெரியாது... சத்தியமாத் தெரியாது."

அவன் அவளையே பார்த்தான். கண்ணில் அந்த வஞ்சகியைத் தேடினாள்... காணவில்லை.

"மறுபடி தூக்கச் சொன்னா அவங்க கண்டுபிடிச்சிடுவாங்களே, மேடம்?"

"நாலு பேரையும் தூக்கச் சொல்லுங்க. பாய்றதோ, மறிக்கறதோ, ஒவ்வொரு தடவையும். அப்ப எதை வெச்சுக் கண்டுபிடிப்பாங்க?"

உதவியாளர் கெக்கலித்தார். "நாரை மாதிரி நிப்பாங்களா?"

"நம்ம பேரே அதுதானே," என்றான் எம்மெட். சிரிப்பு முதலில் கண்ணில்தான் வந்தது. "மேடம், அன்னிக்கு உங்ககிட்ட அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. இன்னிக்கு எதுவும் கேக்கப் போறதில்ல." உள்ளே ஓடிவிட்டான்.

இரண்டாம் பாதியை எங்கள் ஊர் இன்னும் பேசித் தீர்க்கவில்லை. இத்தனை காலமாக நாரைகள் என்று பெயர் வைத்துக்கொண்டு ஆடியவர்கள், அன்றுதான் நாரைபோல நின்றார்கள். நான்கு மலைகள், நான்கு தூக்கிய குதிகால்கள்! முதலில் கூட்டம் சிரித்தது. வில்டன்காரர்களும் சிரித்தார்கள். பந்து அசைந்தது... ட்ரேவான் தோளைச் சாய்த்து, மழைக்கு அடியில் புகுந்து போவதுபோல வளைந்து போனான். குவார்ட்டர்பேக் பின்வாங்க இடம் தேடினான். நடு ஆட்கள் இரண்டு பேரும் இடம் விட்டால்தானே? பொத்தென்று சேற்றில் சாய்ந்தான். அப்புறம் அவன் அன்று முழுக்கத் தலை நிமிர்த்தி யாரையும் தேடவில்லை. கூண்டுக்குள் ட்ரூடி மைக்கைப் பிடித்துக்கொண்டு, "பாருங்க... பாருங்களேன்!" என்பதைத் தவிர வேறு அலசல் எதுவும் சொல்லவில்லை. நாரைகள் ஜெயித்தார்கள்.

ஞாயிறு, தேவாலய ஆராதனை முடிந்த கையோடு எம்மெட்டின் பிக்கப் தெருவில் நுழைந்தது. பின்னால் பாத்திரங்கள் கலகலத்தன. ஒவ்வொரு வீடாக நிறுத்தி, தொப்பியைக் கழற்றி, நன்றி சொல்லி, கழுவித் துடைத்த பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தான். எங்கள் ஊரில் கல்யாணம் ஆகாதவன் இப்படி எல்லாப் பாத்திரத்தையும் ஒரே நாளில் திருப்பினால் என்ன அர்த்தம் என்று கேட்கவே வேண்டாம். அம்மாக்கள் முகம் தொங்கிப்போனது. கடைசியாக, வெறுங்கையோடு, ஹோல்கம் வீட்டுக் கதவைத் தட்டினான்.

இந்த முறை கதவு திறந்தது.

"அன்னிக்கு நீ வந்தப்ப நான் வீட்டுலதான் இருந்தேன்," என்றார் க்ளீட்டஸ்.

"தெரியும் சார். இருமினீங்க."

பெரியவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "அந்த நடுப் பையன்களுக்குக் கை வெக்கக் கத்துக்குடுத்தது நல்லா இருக்கு. என்னால முடியல அது." சொல்லிவிட்டு, வாயைச் சுட்டுக்கொண்டவர்போலத் திரும்பினார். "ட்ரூடி! உன்னைத் தேடி ஆள். காபி போடறேன். கால் துடைக்காம எவனும் உள்ள வரக் கூடாது."

ட்ரூடி வாசற்படிக்கு வந்தாள். தூறல். இருவருக்கும் நடுவில் ஒரு படி.

"எல்லா வீட்டுக்கும் பாத்திரம் குடுத்துட்டேன்," என்றான் எம்மெட், தொப்பியின் விளிம்பைத் திருகிக்கொண்டே. "இந்த வீட்டுக்குத் திருப்பிக் குடுக்க எங்கிட்ட ஒண்ணுமே இல்ல. அதனால... கேக்கலாம்னு வந்தேன்."

"என்னது?"

"வியாழக்கிழமை முன்வரிசைக்கு 'ஏ' குடுத்தீங்க. கோச்சுக்கு எதுவும் குடுக்கலையே."

"கோச்சைப் பத்தி இன்னும் முடிவு பண்ணல." முகவாயை உயர்த்தப் பார்த்தாள். இன்று அது சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

"எனக்கு முடிவாயிடுச்சு. வேலியில அந்த ஓட்டையை நான் இன்னும் அடைக்கல. தினமும் சாயங்காலம் அங்க போய் நிக்கறேன்... ரோட்டைப் பாத்துக்கிட்டு." அவன் குரல் இறங்கியது. "உங்களைப் பிடிச்சுப்போச்சு, ட்ரூடி. அந்தப் பைனாகுலரை இறக்கினீங்களே, அப்பவே."

அவன் பார்வை மெல்லக் கீழே போனது. போன இடத்தில் நின்றது.

"இடது குதிகால் தூக்கியிருக்கு."

ட்ரூடி குனிந்து பார்த்தாள். ஆமாம். துரோகி. "அது... படி ஈரம்."

"அடுத்தது என்ன ஆட்டம்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு, மேடம்."

"தெரிஞ்சிடுச்சுல்ல? தடுக்க வேண்டியதுதானே?"

எம்மெட் ஸ்லோன் தொப்பியைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் விரித்தான்.

அவ்வளவுதான், ட்ரூடி பாய்ந்துவிட்டாள். எங்கள் தெருவில் அந்த நேரம் ஒரு ஜன்னல் திரைகூட நேராக இல்லை.