சொல்லிக்கொண்டு வந்த இடம்

முப்பத்தெட்டாம் வருஷம், பங்குனி. கீழக்குயில்குடியில் மாட்டு வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு ஜோசபினும் நானும் சமணர் மலை ஏறினோம். இருவரும் மிஷன் பள்ளி ஆசிரியைகள். பரீட்சைத் தாள் திருத்திய அலுப்பு உடம்பிலேயே இருந்தது. ஒரு நாள் காற்று வாங்கலாம் என்று அவள்தான் கூப்பிட்டாள்.

குகைக்குள் ஈரக்கல்லும் வௌவால் எச்சமும் நாறின. பாறையில் வரிசையாகப் படுக்கைகள் வெட்டியிருந்தன, தலைக்குக் கல்லிலேயே மேடு விட்டு.

“சமண சாமியாருங்க இதுலதான் பட்டினி கெடந்து உயிர விட்டாங்களாம்,” என்றேன்.

“கொடுத்து வச்சவுங்க. எழுப்ப மணியடிக்க ஆளில்ல.”

ஒன்றில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

வெயில் தாழ்ந்ததும் எழுப்பினேன். குகை வாசலில் நின்றவள் உள்ளே திரும்பி, “போயிட்டு வாரேங்க,” என்றாள்.

“யார்ட்ட சொல்ற?”

“கடைசிப் படுக்கையில பெரியவர் உக்காந்திருக்காரே. சொல்லாமக் கெளம்புறது மரியாதையா?”

அங்கே ஒருவரும் இல்லை.

“சாவு நடந்த எடத்துல சொல்லிக்கக் கூடாது, ஜோசபின். திரும்பி வாரேன்னு வாக்குக் கொடுத்த மாதிரி.”

“பி.எஸ்ஸி. படிச்ச வாயி பேசுது பாரு,” என்று சிரித்தாள்.

மறுநாள் அவள் சாப்பிடவில்லை. அதற்கடுத்த நாளும். பள்ளிக்கும் வரவில்லை.

வார முடிவில் விளாங்குடியில் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா அற்புதமேரி கஞ்சிக் கிண்ணத்தோடு வாசலில் நின்றிருந்தார்.

“வாயத் தொறக்க மாட்டேங்குறா. டாக்டரு ஒரு நோயும் இல்லங்குறாரு. இப்படியே போனா உசுரு தங்காதுங்குறாரு. நீயாவது குடிக்க வையும்மா.”

அறைக்குள் ஈரக்கல் வாசனை. ஜோசபின் கட்டிலை விட்டு, வெறும் தரையில் மல்லாந்து கிடந்தாள்.

“ஒரு வாய் குடி.”

“அலுப்பா இருக்கு, விஜயம்.” உதடு மட்டும் அசைந்தது. “வாரேன்னு சொன்னேன். நடக்க முடியல. அவரே வந்துட்டாரு.”

நானும் அம்மாவும் அவளைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினோம். கனமே இல்லை.

அவள் கிடந்த இடத்தில் சிமெண்டுத் தரை ஆள் நீளத்துக்கு வழவழவென்று குழிந்திருந்தது. தலைமாட்டில் சிறு மேடு.

பக்கத்தில் இன்னொரு குழிவு.

அதில் கை வைத்தேன்.

யாரோ இப்போதுதான் எழுந்த சூடு.

கட்டிலில் ஜோசபின் மெல்லச் சுவரோரம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.