தெரிந்தவர்கள் பட்டியல்

ரோஜாவின் ஆபத்து அளவு பதினொன்று என்றது துறைகளுக்கெல்லாம் பொதுவான கணினி, கூட்டறிவி. குழந்தைக் காப்பு அலுவலர் நஸ்ரீன் மூன்றாவது முறையாகக் கேட்டுப் பார்த்தாள். மூன்றாவது முறையும் பதினொன்றுதான். அறுபதைத் தொட்டால்தான் அலுவலர்களின் மணிக்கட்டு விளக்குகள் சிவக்கும். விளக்கு சிவந்தால்தான் காவல், மருத்துவம், கல்வி, வருவாய், குழந்தைக் காப்பு என்று ஐந்து துறையும் ஒன்றாகக் கிளம்பும். பதினொன்றுக்கு ஒரு ஈ காக்காய்கூடக் கிளம்பாது.

கூட்டறிவியைக் குறை சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அது வருவதற்கு முன்பு ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஐந்து துறையும் ஐந்து கோப்புகளைத் தூக்கிக்கொண்டு வரும். பள்ளிக்குத் தெரிந்தது போலீசுக்குத் தெரியாது. போலீசுக்குத் தெரிந்தது ஆஸ்பத்திரிக்குத் தெரியாது. நடுவில் இருந்த இடைவெளியில் பிள்ளைகள் விழுந்து செத்தார்கள். இப்போது அப்படி இல்லை. எங்கே தவறு நடந்தாலும் அந்த மாவட்டத்தின் ஐந்து துறையும் கற்றல் அவையில் உட்கார்ந்து, எதைக் கோட்டை விட்டோம் என்று வாய்விட்டுப் பேச வேண்டும். கூட்டறிவி கேட்டுக்கொண்டிருக்கும், கேட்டதை வைத்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். தெற்கே ஒரு மாவட்டம் மாலையில் கற்றதை வடக்கே இன்னொரு மாவட்டம் மறுநாள் காலையில் அறிந்திருக்கும். ஆறு வருடத்தில் எத்தனையோ பிள்ளைகள் பிழைத்தார்கள். நஸ்ரீனே முப்பது பேரையாவது கையைப் பிடித்து அழைத்து வந்திருக்கிறாள்.

அதனால்தான் இந்தப் பதினொன்று அவளைப் போட்டு வதைத்தது. ஒன்று கூட்டறிவி தவறாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அவள் கண்ணால் பார்த்தது தவறாக இருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை வேறொரு வேலையாக மருதம்பாக்கம் போய்த் திரும்பும்போது சாலையில் வாத்துக்கூட்டம் குறுக்கே வந்தது. இரண்டாயிரம் வாத்துகளாவது இருக்கும். அறுவடை முடிந்த வயலில் சிந்திய நெல்லை மேய்ந்துவிட்டு அடுத்த வயலுக்குப் போய்க்கொண்டிருந்தன. நஸ்ரீன் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டு நின்றாள். கூட்டத்தின் கடைசியில் ஒரு சிறுமி. ஒன்பது வயது இருக்கலாம். நுனியில் பிளாஸ்டிக் பை கட்டிய நீளமான மூங்கிலை இடது கையால் மட்டும் பிடித்திருந்தாள். வலது கையில் ஒரு கந்தல் துணி சுற்றியிருந்தது. முழங்கை வரை வீங்கி, தோல் பளபளத்தது. பக்கத்தில் போனதும் நாற்றம் அடித்தது.

பெயரைக் கேட்டதற்கு ரோஜா என்றாள். பள்ளிக்கூடம் போறியா என்று கேட்டதற்குத் திரும்பி வரப்பைப் பார்த்தாள். வரப்பிலிருந்து வாத்துக்காரர் ஏகாம்பரம் இறங்கி வந்தார்.

"தங்கச்சி பொண்ணு மேடம். கம்பி கீறிடுச்சி. மஞ்சா வச்சிருக்கேன், ஆறிப்புடும்."

"இது மஞ்சள் வெச்சு ஆறுற காயம் இல்லைங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

ஏகாம்பரம் அவளுடைய மணிக்கட்டைப் பார்த்தார். "வௌக்கு எரியலையே மேடம்" என்றார், மரியாதையாகத்தான். அது அவருக்கும் தெரிந்திருந்தது. விளக்கு எரியாமல் ஒரு அலுவலர் குழந்தையின் மீது கை வைத்தால் அது அத்துமீறல். வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஆற்றைத் தாண்டப் போவதாகவும் அவரே சொன்னார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு மாவட்டம். அன்றிரவே நஸ்ரீன் ரோஜாவைப் பற்றி அறிந்ததையெல்லாம், வழக்கம்போல் தன் பெயரில்லாமல், கூட்டறிவியில் பதிந்தாள்.

இன்று வியாழன்.

நஸ்ரீன் காவல் ஆய்வாளர் தணிகைவேலை அழைத்தாள். நல்ல மனிதர், அவளோடு பல வீடுகளுக்கு வந்தவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எவ்ளோ காட்டுது மேடம்?" என்றார்.

"பதினொண்ணு."

"அட போங்க மேடம். பதினொண்ணுக்குப் போய் நின்னா எனக்கு மெமோதான் வரும். அறுபது ஆவட்டும், மொத ஆளா நான் நிக்கிறேன்."

"அறுபது ஆகறதுக்குள்ள அவ கை இருக்காது சார். உயிர் இருக்குமான்னே பயமா இருக்கு."

"அது சொல்றது தப்பா இருக்காது மேடம். நீங்கதான் மனசைப் போட்டுக் கொழப்பிக்கிறீங்க" என்றார் தணிகைவேல்.

அரசு மருத்துவமனை டாக்டர் மெர்சியும் ஏறக்குறைய இதையேதான் சொன்னாள், கொஞ்சம் நல்ல வார்த்தைகளில். நஸ்ரீன் போனை வைத்தாள். வீக்கம் முழங்கையைத் தாண்டியிருக்குமா, இந்நேரம் காய்ச்சல் வந்திருக்குமா என்று மனம் அதையே சுற்றிச் சுற்றி வந்தது. வேறு வழி தெரியாமல் கூட்டறிவியிடம் இதுவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டாள். எண்பது வந்தால் ஏன் என்று கேட்பார்கள். பதினொன்று வந்தால் நிம்மதியாக மூடிவைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள்.

"ஏன் பதினொன்று?"

"சிறுமி எந்தப் பள்ளிப் பதிவிலும் இல்லை. எந்த மருத்துவப் பதிவிலும் இல்லை. பத்து நாளுக்கு ஒருமுறை எல்லை மாறுகிறாள். ஆகவே எந்தத் துறையிலும் தவறு நேர வாய்ப்பு குறைவு" என்றது கூட்டறிவி.

"நான் தவறைக் கேக்கல. அந்தப் பொண்ணுக்கு ஆபத்தா இல்லையான்னு கேக்கறேன்."

"நான் கற்றது கற்றல் அவைகளிலிருந்து. இதுவரை ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு அவைகள். எந்தக் குழந்தைகளுக்காக அவை கூடியதோ அவர்களே ஆபத்தில் இருந்தவர்கள் என்று எனக்குக் கற்பிக்கப்பட்டது. எந்தத் துறையும் அறியாத குழந்தைக்காக இதுவரை அவை கூடியதில்லை."

"இவ செத்துப்போனா?"

"எந்தத் துறையின் செயல்பாட்டிலும் குறை காணப்படாது."

ஆறு வருடமாக அந்த அவைகளில் நஸ்ரீனும்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவையின் முதல் விதி சுவரிலேயே எழுதியிருக்கும்: பெயர் வேண்டாம், பாடம் போதும். யார் மீதும் பழி விழாவிட்டால்தான் மனம் திறந்து பேசுவார்கள் என்று நல்லெண்ணத்தில் வைத்த விதி. ஆனால் மனம் திறந்து யார் பேசினார்கள்? ஒவ்வொருவரும் எழுந்து "எங்கள் தரப்பில்" என்று தொடங்குவார்கள். எங்கள் தரப்பில் உரிய நேரத்தில் தகவல் அனுப்பப்பட்டது. எங்கள் தரப்பில் பதிவேடு சரியாக உள்ளது. கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக அவளும் எத்தனை முறை "எங்கள் தரப்பில்" சொல்லியிருக்கிறாள்! பிள்ளைகள் எப்படி அடிபடுகிறார்கள் என்பதைவிட, அடிபட்டால் அலுவலர்கள் எங்கே மாட்டிக்கொள்வார்கள் என்பதைத்தான் அவர்கள் விலாவாரியாகப் பேசினார்கள். கேட்டுக்கொண்டிருந்த கூட்டறிவி அதைப் படித்துக்கொண்டது. அலுவலர் மாட்டிக்கொள்ளும் இடத்தில் பெரும்பாலும் ஒரு பிள்ளையும் இருந்ததால் அவள் அழைத்து வந்த முப்பது பேரும் பிழைத்தார்கள், அவ்வளவுதான்.

உடனே ரோஜாவின் பக்கத்தைத் திறந்து, "செவ்வாயன்று நேரில் கண்டவர்: நஸ்ரீன், குழந்தைக் காப்பு அலுவலர்" என்று பதிந்தாள். எண் முப்பத்தெட்டுக்குத் தாவியது. கூடவே ஒரு வரி வந்தது: உங்கள் பெயரை நீக்கினால் பதினொன்றாகக் குறையும்.

"முப்பத்தெட்டோட ஏன் நின்னுடுச்சு?"

"ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் அது தனிநபரின் கவனக்குறைவு. பலருக்குத் தெரிந்தும் யாரும் செயல்படாததே மிகக் கனமான குறை."

அன்று மூன்று மணிக்கு வாராந்திர அவை இருந்தது.

மாவட்ட அலுவலகத்தின் இரண்டாவது மாடியில் நஸ்ரீன், தணிகைவேல், மெர்சி உட்பட ஒன்பது பேர் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அன்றைய பொருள், விடுதிப் படிக்கட்டில் விழுந்து கால் உடைந்த ஒரு மாணவன். கல்வித் துறை எழுந்து தங்கள் தரப்பில் படிக்கட்டுக்குக் கைப்பிடி இருந்தது என்றது. வருவாய்த் துறை தங்கள் தரப்பில் கட்டடச் சான்று நடப்பில் உள்ளது என்றது. மேசை நடுவில் கூட்டறிவியின் காது, ஒரு கறுப்பு வட்டம், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. நஸ்ரீனின் முறை வந்தது. எழுந்தாள். வேலை போய்விடும் என்று தோன்றியது. வீக்கம் தோளை எட்டியிருக்கும் என்றும் தோன்றியது.

"மருதம்பாக்கத்துல ரோஜான்னு ஒரு பொண்ணு இருக்கா. ஒன்பது வயசு. வாத்து மேய்க்கறா. வலது கை அழுகிட்டு இருக்கு. நாளைக்குக் காலையில ஆத்தைத் தாண்டிடுவாங்க."

"மேடம், இது இன்னைக்குப் பொருள்ல இல்ல. விளக்கும் எரியல. பதிய வேணாம்" என்றார் அவைத் தலைவர்.

நஸ்ரீன் வருகைப் பதிவேட்டை இழுத்து வைத்துக்கொண்டாள்.

"கூட்டறிவி, பதிவு செய். இன்னைக்கு மூணு இருபதுக்கு ரோஜாவைப் பத்தித் தெரிஞ்சிகிட்டவங்க பட்டியல். காவல் ஆய்வாளர் தணிகைவேல். டாக்டர் மெர்சி."

"மேடம், பெயர் சொல்லக் கூடாது" என்று தலைவர் பாதி எழுந்தார். அடுத்ததாக அவருடைய பெயரைத்தான் படித்தாள். பிறகு கல்வி, வருவாய் என்று ஒவ்வொருவராக, முழுப் பெயரோடும் பதவியோடும். கடைசியில் தன் பெயர். படிக்கும்போது யார் முகத்தையும் பார்க்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

ஆறாவது பெயரிலேயே தணிகைவேலின் மணிக்கட்டு சிவந்துவிட்டது. பிறகு மேசையைச் சுற்றி எல்லாருடையதும். ஆபத்து அளவு தொண்ணூற்றேழு.

தணிகைவேல் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நல்லா மாட்டி வுட்டீங்க மேடம்" என்றார். அப்புறம் படிக்கட்டில் அவர் இறங்கிய வேகத்தில் நஸ்ரீன் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

நாலேகாலுக்கு மூன்று வண்டிகள் மருதம்பாக்கம் வயலில் நின்றன. வாத்துகள் ஏற்கெனவே ஆற்றங்கரைக்குப் போயிருந்தன. விடியும்வரை காத்திருக்கும் எண்ணம் ஏகாம்பரத்துக்கு இல்லை போலும், செவ்வாயன்று நஸ்ரீனைப் பார்த்ததே அவருக்குப் போதுமாக இருந்திருக்கும். பட்டி கட்டும் வலைச்சுருள்களுக்கு நடுவில் ரோஜா படுத்திருந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண்ணைத் திறந்தாள், ஆனால் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. தணிகைவேல்தான் தூக்கினார். வண்டிவரை சேற்றில் நடக்கும்போது, "ஒண்ணும் இல்லம்மா, ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கன்னத்தில் வழிந்ததை அவர் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

இரவெல்லாம் நஸ்ரீனுக்குத் தூக்கம் இல்லை. மறுநாள் மதியம் டாக்டர் மெர்சி அவளை வராந்தாவுக்கு அழைத்தாள்.

"ரெண்டு விரலை எடுத்துட்டோம். கையைக் காப்பாத்தியாச்சு. ஒரு நாள் கழிச்சு வந்திருந்தா கையோட போயிருக்காது நஸ்ரீன், ஆளே போயிருப்பா." சொல்லிவிட்டு மெர்சி வேறு எங்கோ பார்த்தாள். "நேத்து போன்ல நான் பேசினதை மறந்துடு."

ஞாயிற்றுக்கிழமை ரோஜா எழுந்து உட்கார்ந்தாள். இட்லியை இடது கையால் பிட்டுத் தின்றுகொண்டே, யாரும் கேட்காமலே பேசத் தொடங்கினாள். ஏகாம்பரம் மாமாவே இல்லை, அம்மாவுக்கு அவரை யாரென்றே தெரியாது. ரோஜாவுக்கு ஒரு தங்கச்சி, செண்பகம், ஏழு வயது. அவளை வேறொரு வாத்துக்கூட்டத்தில் வேலைக்கு விட்டிருக்கிறார்கள். போன மாசம் ஏரிக்கரையில் இரண்டு கூட்டமும் கிட்டே வந்தபோது தூரத்திலிருந்து பார்த்தாளாம். "நொண்டி நொண்டி நடந்தா, அக்கா" என்றாள் ரோஜா. "கூப்ட்டேன். வாத்து சத்தத்துல அவளுக்குக் கேக்கல."

நஸ்ரீன் அங்கேயே கூட்டறிவியில் செண்பகத்தைப் பதிந்தாள். ஆபத்து அளவு ஒன்பது. தன் பெயரைச் சேர்த்தாள். முப்பத்தாறு. நான்கு நாட்கள்தானே, வியாழன் வந்துவிடும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். அந்த நான்கு நாட்களும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழன் மூன்று மணிக்கு இரண்டாவது மாடிக்குப் போனாள். மேசையைச் சுற்றி ஒன்பது நாற்காலிகள் இருந்தன. அவளுடையதைத் தவிர மற்ற எட்டுக்கும் ஆள் வரவில்லை. யாராவது தாமதமாக வருவார்கள் என்று மூன்றரை வரை பார்த்தாள்.

"எல்லாரும் எங்கே?" என்று கேட்டாள்.

"எட்டு விடுப்புக் கடிதங்கள் வந்துள்ளன" என்றது கூட்டறிவி. "சென்ற அவையிலிருந்து நான் கற்ற பாடத்தை எல்லா மாவட்டங்களுக்கும் அனுப்பியிருந்தேன். அவையில் இருப்பவர்களுக்குக் குழந்தைகளைப் பற்றித் தெரிய வருகிறது. தெரிந்தவர்களுக்கே குறை நேர்கிறது. இன்று மாநிலம் முழுவதும் கூடியிருக்க வேண்டிய அவைகள் முப்பத்தொன்று. வந்திருப்பவர் ஒருவர்."

"மத்த பிள்ளைங்க?"

"காலையிலிருந்து எல்லாருடைய ஆபத்து அளவும் குறைந்துகொண்டே வருகிறது. இதுவரை பதிவான எண்களில் இன்றையதுதான் மிகக் குறைவு."

நஸ்ரீன் வராந்தாவுக்கு ஓடிவந்து போனை எடுத்தாள். வருவாய்த் துறையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கல்வித் துறையில் எடுத்து, குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார்கள். மெர்சியின் எண் அணைந்திருந்தது. தணிகைவேல் மட்டும் எடுத்தார்.

"மேடம், மொதல்ல நான் பேசிடறேன்" என்றார். "அந்தப் பொண்ணு எப்பிடி இருக்குதுன்னு தெனமும் நெனைச்சிக்கிறேன். கை தேறிடுச்சான்னு கேக்க வாய் வரைக்கும் வருது. கேக்க மாட்டேன். எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்குது, வேலை வேணும். நீங்களும் எதையும் சொல்லிடாதீங்க மேடம், ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"சார், அவளுக்கு ஒரு தங்கச்சி..."

தணிகைவேல் போனை வைத்துவிட்டார்.