நாலாம் நம்பர் பாட்டில்

சோப்பையே சோப்பு போட்டுக் கழுவுகிற பெண் ஒருத்தி இருந்தாள். வீட்டில் அவளைச் சுத்தக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். அப்போது அவள் ஐந்தாம் வகுப்பு. தம்பி வாண்டு ஒன்றாம் வகுப்பு.

அப்பாவுக்குக் குடிநீர் அலுவலகத்தில் வேலை. தெருத்தெருவாகப் போய்க் குழாய்த் தண்ணீரைப் பாட்டில்களில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்துப் பரிசோதனைக்குக் கொண்டுபோவார்.

அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் பத்துப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. தலைமையாசிரியை குழாயைச் சாக்கால் சுற்றிக் கட்டிவிட்டார். எல்லோரும் வீட்டிலிருந்து தண்ணீர் சுமந்தார்கள்.

"அந்தச் சாக்கப் பாத்தாலே தாகமா இருக்குக்கா" என்பான் வாண்டு.

தண்ணீர் பிடிக்கப் போகிற நாளன்று காலையில் அப்பா குளித்துக்கொண்டிருந்தார். மேசையில் அவர் கொண்டுபோக வேண்டிய ஆறு காலிப் பாட்டில்கள். சுத்தக்காரி முன்னால் இருந்த ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். நம்பர் நாலு. அடியில் வெள்ளையாக ஏதோ தூசி.

'சே, இதிலயா தண்ணி பிடிப்பாங்க?'

சோப்பு போட்டு மூன்று தடவை கழுவினாள். துடைத்து மூடினாள். அடுத்ததை எடுப்பதற்குள் குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. ஓடிவிட்டாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அப்பா சிரித்தபடி வந்தார். "வாண்டு, நாளைக்கு உங்க குழாயத் தொறக்கறாங்க. ரிப்போர்ட் வந்துடுச்சு. ஒரு கிருமி கூட இல்ல."

சாப்பிடும்போது சுத்தக்காரி கேட்டாள். "அப்பா, பாட்டில் அடியில தூசி இருக்குமே, அது என்ன?"

"தூசி இல்லம்மா, மருந்துப் பொடி. தண்ணியில குளோரின் இருக்குல்ல? பாட்டிலுக்குள்ள போனாலும் அது கிருமியக் கொன்னுக்கிட்டே இருக்கும். பொடி இருந்தா குளோரினோட கையக் கட்டிப் போட்டுடும். பிடிச்சப்போ தண்ணி எப்படி இருந்துச்சோ அப்படியே தெரியும்."

"பொடி இல்லன்னா?"

"உள்ள இருந்த கிருமி செத்துப் போயிருக்கும். ரிப்போர்ட் பொய் சொல்லும்."

அவள் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தாள். "பள்ளிக்கூடத் தண்ணி எந்த நம்பர்ப்பா?"

"நாலு. ஏம்மா?"

"சும்மாதான்."

சொன்னால் அப்பாவின் வேலைக்கே ஆபத்து வருமோ? அவருடைய அதிகாரி சிரித்து யாரும் பார்த்ததில்லையாம்.

வாண்டு மூலையில் உட்கார்ந்து பையை அடுக்கிக்கொண்டிருந்தான். தண்ணீர் பாட்டிலை எடுத்து வெளியே வைத்தான். "நாளைக்கு இது வேணாம். குழாய்லயே வயிறு முட்டக் குடிப்பேன்."

அவ்வளவுதான். அவளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"அப்பா, நாலாம் நம்பர நான் கழுவிட்டேன்."

"கழுவினியா?"

"சோப்பு போட்டு. மூணு தடவ."

அப்பா கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே போட்டுவிட்டார். அடி விழும் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். விழவில்லை. அவர் கை கழுவிவிட்டுப் போனை எடுத்தார்.

"சார், பள்ளிக்கூட ரிப்போர்ட்ட நிறுத்தணும். பாட்டில வீட்டுல வச்சது என் தப்புதான்... ஆமா சார்... தப்புதான் சார்... காலைல மறுபடி பிடிக்கிறேன்."

அடுத்து தலைமையாசிரியையிடமும் பேசினார். போனை வைத்ததும் அவள் மெல்லக் கேட்டாள். "திட்டினாராப்பா?"

"நீ பாட்டிலத்தான் கழுவின. அவரு என்னையே கழுவி ஊத்திட்டாரு."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. "வேலைய விட்டு எடுத்துடுவாரா?"

"அதெல்லாம் மாட்டாரு. இதச் சொல்லாம விட்டிருந்தாத்தான் என்னால அந்த வேலையில இருந்திருக்க முடியாது. சாப்பிடு."

மறுநாளும் சாக்கு அவிழவில்லை. "இன்னும் எத்தன நாளுக்கா சுமக்கறது?" என்று வாண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அவனுடைய பாட்டிலையும் அவளே சுமந்தாள்.

இரண்டாவது ரிப்போர்ட்டில் கிருமி இருந்தது. ஆட்கள் வந்து தோண்டினார்கள். சாக்கடைக்குப் பக்கத்தில் குழாய் விரிசல் விட்டிருந்தது. அதை மாற்றி, மறுபடி தண்ணீர் பிடித்து, மறுபடி பரிசோதித்து, ஒருவழியாக ஒரு வெள்ளிக்கிழமை சாக்கை அவிழ்த்தார்கள்.

வாண்டு முண்டியடித்துப் போய்ச் சட்டையெல்லாம் நனையக் குடித்தான். சுத்தக்காரி எல்லோரும் குடித்து முடிக்கும்வரை நின்றாள். பிறகு இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்திக் குடித்தாள். லேசாக மருந்து வாசம் அடித்தது.

அத்தனை ருசியான தண்ணீரை இன்றுவரை அவள் வேறெங்கும் குடித்ததில்லை.