காலி என்று எழுதிய கதவு

பாப்பாவின் அறை அரை அடி குறைந்திருந்தது.

வரைபடத்தில் பன்னிரண்டு அடி. குடிவந்த அன்று அவனே அளந்தபோதும் பன்னிரண்டுதான். காலையில் அலமாரி பொருத்த வந்த தச்சர், பலகையைச் சுவரோடு வைத்துப் பார்த்துவிட்டு, "நீங்க குடுத்த அளவு தப்பு சார்" என்று கிளம்பிவிட்டார். கட்டட மேற்பார்வையிலேயே காலம் தள்ளியவனுக்கு அளவு தப்புமா? நாடாவை இழுத்தான். பதினொன்றரை. மறுபடி இழுத்தான். பதினொன்றே கால்.

"டேப்ப சுருட்டி வைங்க," என்றாள் மனைவி. "அளந்துக்கிட்டே இருந்தா வீடு வளரவா போகுது?"

சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே எந்தப் பக்கம் திரும்பினாலும் கிரேன்கள். நகரத்தின் நடுவில் ஒரு வீட்டுக்காக ஜனங்கள் குலுக்கலில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்துக் கிடக்க, அவனுக்கு மட்டும் கம்பெனியே சலுகை விலையில் கொடுத்தது. இங்கிருந்த பழைய குடியிருப்பைக் கெடுவுக்கு முன்பே இடித்துத் தந்ததற்காக.

இடிப்பதற்கு முன் ஒவ்வொரு கதவையும் தட்டி, திறந்து, உள்ளே பார்த்த பிறகே சாக்கட்டியால் 'காலி' என்று எழுத வேண்டும். நாற்பது கதவுகளுக்கு அப்படித்தான் செய்தான். கடைசிக் கதவின் பூட்டு திரும்பவில்லை. மூன்று முறை தட்டினான். காதை வைத்துக் கேட்டான். கீழே இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. எழுதிவிட்டான்.

அங்கே குடியிருந்தவர் கொதிகலன் ஆலையில் வேலை பார்த்துக் காது போனவர் என்பது பிறகுதான் தெரிந்தது. அவரைத் தேடி வந்த அவருடைய தங்கையிடம், "எல்லாரும் முன்னாடியே போயிட்டாங்கம்மா" என்றான். அதற்குள் இடிபாடு முழுவதையும் அரைத்து, இந்தப் புதுக் கட்டடத்தின் சுவர்களுக்குக் கல்லாக வார்த்திருந்தார்கள்.

இப்போது பாப்பாவின் அறைச் சுவரில் உள்ளங்கையை வைத்தான். புதுப் பெயின்ட் வாசனைக்கு அடியில், பல நாள் திறக்காத அறையில் ஒரு மனிதர் தனியாகப் படுத்துக் கிடந்தால் வரும் வியர்வையும் பழந்துணியும் கலந்த புழுக்க வாடை, மெல்ல, மூச்சு விடுவதுபோல விட்டுவிட்டு வந்தது. சுவர் வெதுவெதுப்பாக இருந்தது.

பால்கனிக்குப் போனவன் மதியச் சாப்பாட்டுக்கும் வராமல் அங்கேயே நின்றான். சொல்லிவிட்டால் வேலை போகும், வீடு போகும், ஜெயிலுக்கும் போக வேண்டி வரலாம். சொல்லாவிட்டால் இன்றும் பாப்பா அந்த அறையில் தூங்குவாள். வெயில் சாயும்போது சமையலறைக்கு வந்தான்.

"ஒண்ணு சொல்லணும். இந்த வீட்ட விட்டுப் போயிடலாம்."

"நல்லா இருக்கே கதை. பாப்பாவே இப்பதான் தனியா படுக்கப் பழகியிருக்கா."

"தூங்குறாளா?"

"நீங்கதானே இவ்வளவு நேரமா தட்டித் தூங்க வச்சீங்க? இங்க வரைக்கும் கேட்டுச்சே. இப்பகூட..."

நிறுத்திக்கொண்டாள்.

இருவரும் கேட்டார்கள். தட். தட். தட். அவசரமில்லாத, பொறுமையான தட்டல்.

ஓடினான். கதவைத் தள்ளினான். பாதிக்கு மேல் திறக்கவில்லை. கட்டில் இடித்தது. அதற்கப்பால் சுவர்.

போர்வைக்கு அடியில் யாரோ அசைவதுபோல வெள்ளைப் பெயின்ட் புடைத்திருந்தது. அதிலிருந்து ஒரு கையின் வடிவம் வெளியே நீண்டு, பாப்பாவின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தது. அவள் வாயில் விரல் வைத்து, நிம்மதியாகத் தூங்கினாள். அவளுடைய ஒரு தோள் ஏற்கெனவே சுவருக்குள் இருந்தது.