ரப்பர் மீனைக் கடித்தது யார்?

பனியன் தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஒரு பனியனைத் துப்பறிவாளரின் மேசைமேல் வைத்தார். தேநீர் உள்ளே போன பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது. பனியனின் நெஞ்சில் ஒரு ரப்பர் மீன் தைக்கப்பட்டிருந்தது. மீனில் பல் தடம் இருக்கிறதென்று வாங்கியவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். தொழிற்சாலைக்குள் கடிக்க யாரும் இல்லையாம்; மேற்பார்வையாளர்தான் திருட்டுத்தனமாக வேலையை வெளியே ஏதோ கொட்டகையில் கொடுத்துத் தைத்துவிட்டார் என்கிறாராம் முதலாளி. சாயங்காலத்துக்குள் உண்மை தெரியாவிட்டால் வேலை போய்விடும்.

"எலியா இருக்கும் அத்தான்," என்றான் துப்பறிவாளரின் மச்சினன். எங்கே போனாலும் வாலாக வருபவன்.

"எலிக்கு மேலயும் பல்லு உண்டுடா. இதுல கீழ மட்டும் ரெண்டு தடம், அரிசி மாதிரி."

தொழிற்சாலையை முதலாளியே சுற்றிக் காட்டினார். தன் சட்டைப்பையிலிருந்த சாவியால் குழந்தைகள் காப்பக அறையைத் திறந்தார். பளபளவென்று இருந்தது. பொம்மைக் கரடி மட்டும் இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. கைக்குழந்தைக்காரர்கள் யாரும் இங்கே வேலை செய்யவில்லை என்றார் முதலாளி.

தையல் கூடத்தின் கடைசி வரிசையை நெருங்கியதும் எல்லா மெஷின்களும் ஒரே சமயத்தில் தடதடத்தன. "என்ன சுறுசுறுப்பு பாத்தீங்களா!" என்று மச்சினன் வியந்தான். துப்பறிவாளர் ஓர் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் நூலே இல்லை.

"எல்லாரும் கொஞ்சம் நிறுத்துங்கம்மா," என்றார்.

கூடம் அடங்கியது. ஒரு மெஷினுக்கடியிலிருந்த துணிக்கூடையில் யாரோ சிணுங்கினார்கள். மச்சினன் குனிந்து பார்த்தான். ரப்பர் மீன் ஒன்றைச் சப்பிக்கொண்டு அவனைப் பார்த்துச் சிரித்தாள் ஒரு குட்டிப்பெண். கீழே இரண்டே பல்.

"துணி வெளிய போகல, முதலாளி. குழந்தைதான் உள்ள வந்திருக்கு," என்றார் துப்பறிவாளர். "அழுகை கேக்காம இருக்கத்தான் இந்தச் சத்தம். ஊசிக்கும் கத்திரிக்கும் நடுவுல ஒரு பச்சப்புள்ள. காப்பகமோ, பாக்க வர்றவங்களுக்கு மட்டும் திறக்குது. கரடி உறையக்கூட யாரும் பிரிக்கல."

மேற்பார்வையாளர் அசடு வழிந்தார். தான் வந்தாலும் இதே சத்தம்தானாம். மரியாதை என்று நினைத்துக்கொண்டாராம்.

குழந்தையின் அம்மா ஓடிவந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். துப்பறிவாளர் அவளைக் காட்டி முதலாளியைக் கேட்டார்: "வாங்கறவங்களுக்கு நடந்தது அத்தனையும் சொல்லப்போறேன். இந்தப் பொண்ணுக்கும் வேலை இருக்கு, காப்பகமும் திறந்தாச்சுன்னு சேத்துச் சொல்லலாமா?"

முதலாளி குழந்தையைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், கடைசியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மேற்பார்வையாளரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, சாவியை எடுத்து அந்த அம்மாவின் கையில் வைத்தார்.

குழந்தை எட்டி அதைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டாள்.

"இனி இந்தச் சாவி முதலாளிகிட்டத் திரும்பாது அத்தான்," என்றான் மச்சினன். "பல் முத்திரை வெச்சிட்டா."